கணக்கால் இரசாயனம் கண்ட வால்டர் கோன்



ரப்பர் மரமானாலும் செம்பனையானாலும் உரம் போடாமல் நல்ல பலன் தருவதில்லை. இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையைச் சுமந்து சென்று மரத்துக்கு மரம் அளந்து போட்டவர்கள் நீங்கள். அந்த உரங்களுள் வெள்ளை மணிகளாக இருக்கும் யூரியாவும் ஒன்று. யூரியா அம்மோனியாவிலிருந்து செய்யப்படுகிறது. நம் நாட்டில் சரவாக் மாநிலத்துப் பிந்துலுவில் 1985 முதல் இவை இரண்டையும் பெரிய அளவில் தயாரித்து வருகிறார்கள். அம்மோனியா செய்யத் தேவையான நைட்ரஜன் எங்கிருந்து கிடைக்கிறது? நாம் சுவாசிக்கும் இதே காற்றிலிருந்துதான்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது மரத்தைச் சுற்றி நிறைந்திருந்தும் மரத்துக்கு நேராக உதவுவதில்லை. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து கிடப்பதே இதற்குக் காரணம். அந்தப் பிணைப்பை அறுத்து, ஹைட்ரஜனோடு சேர்த்தால்தான் அம்மோனியா உண்டாகும். அறுக்கும் வேலையைச் செய்வது இரும்பு. நைட்ரஜன் வந்து இரும்பின் மேற்பரப்பில் ஒட்டும்போது, அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது. வேலை முடிந்த பிறகும் இரும்பு இரும்பாகவே இருக்கிறது.

இப்படித் தான் செலவாகாமல், மற்றப் பொருள்கள் மாறுவதை விரைவுபடுத்தும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். சோற்றை வாயில் போட்டு நீண்ட நேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள ஒரு வினையூக்கி சோற்றின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதால் வரும் இனிப்பு அது. ஆகவே வினையூக்கி என்பது தொழிற்சாலையில் மட்டும் இருப்பதன்று. நம் வாயிலும் வயிற்றிலும் இருப்பதுதான்.

அம்மோனியாவுக்கு இரும்பு ஏற்றது என்று எப்படித் தெரிந்தது? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தெரிந்தது. 1909-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் அறிஞர், ஆஸ்மியம் என்னும் அரிய உலோகத்தைக் கொண்டு அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக எடுத்துக் காட்டினார். ஆனால் உலகத்திலுள்ள ஆஸ்மியம் முழுவதையும் திரட்டினாலும் ஆலைகளுக்குக் காணாது. மலிவான வேறொன்றைத் தேடும் பொறுப்பு, பாஸ்ஃப் நிறுவனத்தில் அல்வின் மித்தாஷ் என்பவரிடம் வந்தது. அவரும் அவருடைய குழுவினரும் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கலவைகளை எடுத்து, ஏறத்தாழ 20,000 சோதனைகள் செய்தார்கள். சுவீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று எதிர்பாராத அளவு நன்றாக வேலை செய்தது. அதைப் பார்த்துத்தான் வழி பிறந்தது. 1913-இல் ஓப்பாவ் என்னும் ஊரில் ஆலை ஓடத் தொடங்கியது.

ஒரு பெரிய சாவிக் கொத்தை இருட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாவியாகப் பூட்டில் நுழைத்துப் பார்ப்பது போன்ற வேலை அது. பூட்டின் உள்ளமைப்புத் தெரிந்தால் சாவியைக் கணக்கிட்டுச் செய்துகொள்ளலாமே! அணுக்களின் உள்ளமைப்பு 1926-ஆம் ஆண்டளவில் தெரிந்துவிட்டது. எலெக்ட்ரான்கள் எந்த விதிப்படி நடக்கின்றன என்பதற்குச் சமன்பாடும் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கிலாந்தின் பௌதிக அறிஞர் டிராக் 1929-இல் ஒரு கசப்பான உண்மையைச் சொன்னார். இரசாயனம் முழுவதற்கும் வேண்டிய விதிகள் நம் கையில் உள்ளன. அந்தச் சமன்பாடுகளோ தீர்க்க முடியாத அளவு சிக்கலானவை. இதுவே அவர் கூறியதன் பொருள்.

அந்தச் சிக்கலை அவிழ்க்க வழி கண்ட ஒருவரின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அவர் பெயர் வால்டர் கோன். அவர் இரசாயனம் படித்தவர் அல்லர். படிக்க விடாமல் தடுக்கப்பட்டவர்.

வால்டர் கோன் 1923-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அழகிய படங்கள் அச்சிட்ட அஞ்சல் அட்டைகளை வெளியிடும் தொழில் நடத்தி வந்தார். தாயார் பல மொழிகள் கற்றவர். 1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. தந்தையின் தொழில் பறிக்கப்பட்டது. அதே தொழிலைச் சம்பளம் இல்லாமல் நடத்திக் கொடுக்கும்படியும் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். மகன் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டான். அப்போது அவனுக்கு வயது 15.

பிறகு அவன் யூதப் பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு பள்ளியில் சேர்ந்தான். அங்கே எமில் நோஹெல் என்பவர் பௌதிகமும், விக்டர் சப்பாத் என்பவர் கணிதமும் கற்பித்தார்கள். பள்ளிச் சுவருக்கு வெளியே அடியும் உதையும் அவமதிப்பும் நடந்துகொண்டிருந்தன. சுவருக்கு உள்ளே அந்த இருவரும் பாடத்தை அன்போடும் ஆழத்தோடும் நடத்திக்கொண்டிருந்தார்கள். தமக்கு அறிவியலில் பற்று வந்தது அந்த வகுப்பறையில்தான் என்று கோன் தம் முதுமையிலும் நன்றியோடு குறிப்பிட்டார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், நோபெல் பரிசைவிட இந்தச் செய்தி என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நிலையிலும் இன்றைய பாடத்தை ஒழுங்காக நடத்திய ஆசிரியர்கள் அவர்கள்.

1939 ஆகஸ்ட் மாதம், போர் தொடங்குவதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பு, யூதக் குழந்தைகளைக் காப்பாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற இரயில்களுள் ஒன்றில் வால்டர் ஏற்றிவிடப்பட்டார். பெற்றோர் பின்தங்கிவிட்டார்கள். அவர்களை மகன் மறுபடியும் பார்க்கவில்லை. அவர்கள் பின்னர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

இங்கிலாந்தில் அந்த இளைஞர் முதலில் என்ன ஆக விரும்பினார் தெரியுமா? விவசாயி ஆக விரும்பினார். படித்தவர்கள் பலர் வேலையில்லாமல் திண்டாடியதைச் சிறு வயதில் பார்த்தவர் அவர். மண்ணை நம்பினால் பிழைக்கலாம் என்று எண்ணி ஒரு பயிற்சிப் பண்ணையில் சேர்ந்தார். ஆனால் மூளைக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். உடல் தேறியபின், தம்மை வளர்த்த ஆங்கிலேயக் குடும்பத்தின் உதவியோடு பள்ளிக்குச் சென்றார்.

அங்கும் அமைதி நிலைக்கவில்லை. ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிவிட்டதால் அவர் கையில் இருந்தது ஜெர்மன் கடவுச்சீட்டு. 1940 மே மாதம், எதிரி நாட்டவர் என்று சொல்லி ஆங்கில அரசாங்கம் அவரைக் காவலில் வைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவரை, ஹிட்லரின் நாட்டவர் என்று அடைத்தார்கள்! ஜூலை மாதம் கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள்.

கனடாவின் தடுப்பு முகாம்களில் அவர் மரம் வெட்டும் வேலை செய்தார். கூலி, நாள் ஒன்றுக்கு 20 காசு. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து அவர் வாங்கியவை இரண்டு புத்தகங்கள். ஒன்று ஹார்டி என்பவர் எழுதிய கணித நூல். மற்றொன்று ஸ்லேட்டர் என்பவர் எழுதிய வேதிப் பௌதிக நூல். நோபெல் பரிசு பெற்ற காலத்திலும் அந்த இரண்டும் அவருடைய அலமாரியில் இருந்தன. முகாமில் அடைபட்டிருந்த அறிஞர்கள் சிலர் தாங்களே ஒரு பள்ளியை நடத்தினார்கள். கம்பி வேலிக்குள் இருந்தபடியே வால்டர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வுகளை எழுதித் தேறினார்.

1942 ஜனவரியில் விடுதலை கிடைத்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படிக்க விரும்பினார். அங்கேதான் அந்தத் தடை வந்தது. படிப்புத் திட்டத்தில் இரசாயனம் கட்டாயப் பாடம். இரசாயனக் கட்டடத்திலோ போர் சம்பந்தமான ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எதிரி நாட்டவர் என்று கருதப்பட்ட ஒருவர் அதற்குள் நுழையக் கூடாது. நுழையாமல் பாடம் இல்லை. பாடம் இல்லாமல் படிப்பு இல்லை.

இந்த இடத்தில் சாமுவேல் பீட்டி என்னும் கணிதத் துறைத் தலைவர் முன்வந்தார். விதி அடைத்த வாசலுக்குப் பக்கத்தில் அவர் ஒரு சிறு கதவைத் திறந்தார். வால்டரையும் அவர் நிலையில் இருந்த வேறு சிலரையும் சிறப்பு மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டார். பதினேழு வயதில் ஆங்கிலப் பள்ளியில் படித்ததோடு கோனின் இரசாயனப் பாடம் முடிந்துபோயிற்று. ஆனால் படிப்பு முடியவில்லை.

போரின் கடைசி ஆண்டில் கனடா இராணுவத்தில் பணியாற்றினார். 1945-இல் இளங்கலைப் பட்டமும், 1948-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1950 முதல் 1960 வரை பிட்ஸ்பர்க் நகரின் கார்னகித் தொழில்நுட்பக் கழகத்திலும், அதன்பின் 1979 வரை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்திலும் ஆசிரியராக இருந்தார்.

1963-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸ் நகருக்குச் சென்றார். உலோகங்களைக் கலந்தால் அவற்றின் குணம் எப்படி மாறுகிறது என்று அங்கே சிந்திக்கலானார். பியர் ஹோஹன்பர்க் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் அவருக்குத் துணையாக வாய்த்தார். அந்தச் சிந்தனையில் பிறந்த கருத்தை ஓர் உவமை கொண்டு விளக்கப் பார்க்கிறேன்.

ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார், அவர் நகர்ந்தால் மற்ற 999 பேரும் எப்படி நகர்வார்கள் என்று எழுதத் தொடங்கினால், எந்தக் கணக்கப்பிள்ளையாலும் முடியாது. எலெக்ட்ரான்களின் சமன்பாடு அப்படிப்பட்டது. ஓர் இரும்பு அணுவில் 26 எலெக்ட்ரான்கள் உள்ளன. ஒவ்வொன்றின் இடத்தையும் குறிக்க மூன்று எண்கள் வேண்டும். ஆக 78 எண்களையும் ஒன்றோடொன்று பின்னிய நிலையில் ஒரே நேரத்தில் கையாள வேண்டும். ஓர் அணுவுக்கே இந்தப் பாடு என்றால், இரும்புத் துண்டு ஒன்றின் மேற்பரப்புக்கு என்ன செய்வது?

கோன் கேட்ட கேள்வி இது. ஆளாளாக எழுதாமல், எந்த இடத்தில் எவ்வளவு கூட்டம் என்று மட்டும் குறித்தால் போதாதா? லயத்தில் இவ்வளவு, ஆலையில் இவ்வளவு, வெட்டுக்காட்டில் இவ்வளவு என்று நெருக்கத்தை மட்டும் காட்டும் ஒரு படம். அதற்கு எத்தனை எலெக்ட்ரான்கள் இருந்தாலும் மூன்று எண்களே போதும். தோட்டத்து மக்களைப் பற்றி அந்தப் படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஆனால் எலெக்ட்ரான்கள் மிகக் குறைந்த ஆற்றலோடு அமைந்திருக்கும் இயல்பு நிலையில், அந்த நெருக்கத்திலிருந்தே மற்ற யாவும் நிச்சயிக்கப்படுகின்றன என்று கோனும் ஹோஹன்பர்க்கும் 1964-இல் நிரூபித்தார்கள். ஹாங்காங்கில் பிறந்த லூ ஜூ ஷாம் என்பவரோடு சேர்ந்து, அதைக் கணக்கிடும் முறையைக் கோன் 1965-இல் வகுத்துக் கொடுத்தார். அடர்த்திச் சார்புக் கொள்கை என்று இதைக் கூறுவர்.

இந்த முறையில் ஒரு பகுதிக்குச் சரியான சூத்திரம் எவருக்கும் கிடைக்கவில்லை. தோராயமான சூத்திரத்தைத்தான் போட வேண்டும். அதனால் இரசாயன அறிஞர்கள் நீண்ட காலம் இதை முழுதாக நம்பவில்லை. அந்தத் தோராயங்கள் மெல்ல மெல்லத் திருத்தம் பெற்றன. கணிப்பொறிகளும் வேகம் பெற்றன. 1990-களில் இம்முறை இரசாயன ஆராய்ச்சிக் கூடங்களுக்குள் பரவியது. 1998-ஆம் ஆண்டு வால்டர் கோனுக்கும், கணிப்பொறி இரசாயனத்தை வளர்த்த ஜான் போப்பிளுக்கும் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. எந்தத் துறைக்கு? இரசாயனத்துக்கு! 1942-இல் எந்தக் கட்டடத்தின் வாசலில் அவர் நிறுத்தப்பட்டாரோ, அந்தத் துறையின் மிக உயர்ந்த பரிசு அவரைத் தேடி வந்தது.

இனி, தொடக்கத்தில் பார்த்த வினையூக்கிக்கு வருவோம். வினையூக்கியின் வேலை அதன் மேற்பரப்பில் நடக்கிறது. உலோக மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் எப்படி அமைகின்றன என்பதை, கோனும் நார்ட்டன் லாங் என்பவரும் 1970-ஆம் ஆண்டையொட்டி இதே முறையில் கணக்கிட்டார்கள். பின்னர் லாங், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார். அங்கே வந்து அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த யென்ஸ் நோர்ஸ்கோவ். இவரும் பௌதிகத்தில்தான் முனைவர் பட்டம் பெற்றவர். வினையூக்கி தயாரிக்கும் ஹால்டர் தோப்சே நிறுவனத்தில் சில காலம் வேலை செய்தபின், 1987 முதல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியை வளர்த்தார். 2010-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்று அங்கும் ஓர் ஆராய்ச்சி மையத்தை நடத்தி, 2018-இல் தாயகம் திரும்பினார்.

நல்ல வினையூக்கிக்கு ஓர் இலக்கணம் உண்டு. பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே வெகு காலத்துக்கு முன்பே இதைக் கூறினார். அது பொருளை அளவாகப் பிடிக்க வேண்டும். பிடி தளர்வாக இருந்தால் வேலை தொடங்காது. பிடி இறுக்கமாக இருந்தால் வேலை முடிந்தும் விடாது. எந்த உலோகம் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வதே நோர்ஸ்கோவ் குழுவினரின் பணியாக அமைந்தது. தங்கம் ஏன் எதனோடும் எளிதில் சேர்வதில்லை என்பதற்கு 1995-இல் அவரும் பியர்க் ஹாமரும் விளக்கம் தந்தார்கள். நைட்ரஜனைப் பொறுத்தவரை மாலிப்டினம் மிக இறுக்கமாகப் பிடிக்கிறது. கோபால்ட் மிகத் தளர்வாகப் பிடிக்கிறது. இரண்டையும் கலந்தால் பிடி நடுநிலைக்கு வருகிறது. கோபால்ட்டும் மாலிப்டினமும் சேர்ந்த வினையூக்கி அம்மோனியாவுக்கு நன்றாக உதவுவதன் காரணத்தை 2001-இல் அவர்கள் இப்படி விளக்கினார்கள்.

பிளாஸ்டிக் செய்யத் தேவையான எத்திலீன் வாயுவைத் தூய்மைப்படுத்த, பல்லேடியம் என்னும் விலை உயர்ந்த உலோகத்தைப் பயன்படுத்துவது வழக்கம். அதன் இடத்தில் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த மலிவான கலவை உதவும் என்று கணக்கு காட்டியது. அதன்படி கலவையைச் செய்து சோதித்தார்கள். அது வேலை செய்தது. இந்த முடிவு 2008-இல் வெளியாயிற்று. சாவியை முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு செய்து, பூட்டைத் திறந்துவிட்டார்கள்.

இதனால் சோதனைக் கூடம் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கு வழி காட்டும். சோதனைதான் தீர்ப்புச் சொல்லும். இரும்பின் மேற்பரப்பில் நைட்ரஜன் படிப்படியாகப் பிரிவதைச் சோதனைகளால் மெய்ப்பித்த ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நூறு ஆண்டுகள் கடந்தபின்னும் பெரும்பாலான அம்மோனியா ஆலைகளில் வேலை செய்வது இரும்புதான். 400 முதல் 500 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் அதற்கு வேண்டியிருக்கிறது. உலகம் செலவிடும் எரிசக்தியில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு இந்த ஒரு பொருளுக்கே போகிறது. குறைந்த வெப்பத்தில் வேலை செய்யும் வினையூக்கி கிடைத்தால், எரிபொருள் செலவு குறையும். புகையும் குறையும். அந்தத் தேடல் இன்னும் முடியவில்லை. முடித்து வைக்கப் போகிறவர் இப்போது ஏதோ ஒரு பள்ளியில் வாய்ப்பாடு படித்துக் கொண்டிருக்கலாம்.

பெற்றோர்களே, வால்டர் கோன் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் தமது 93-ஆம் வயதில் காலமானார். அவருடைய வாழ்வை எண்ணிப் பார்க்கும்போது, திறமை இருந்தால் எவரும் முன்னேறிவிடலாம் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவரைப் போன்ற திறமையுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த இரயிலில் ஏற முடியாமல் அழிந்து போனார்கள். அவர் பிழைத்ததும் படித்ததும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கதவைத் திறந்து விட்டதனால்தான். பெற்றோர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு இரயிலில் ஏற்றினார்கள். ஓர் ஆங்கிலேயக் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது. முகாமில் இருந்தவர்கள் பாடம் சொன்னார்கள். ஒரு துறைத் தலைவர் விதிக்குள்ளேயே ஒரு வழியைத் தேடிக் கொடுத்தார். 20 காசுக் கூலியில் புத்தகம் வாங்கியது மட்டும் அவருடைய பங்கு. அந்தப் பங்கை அவர் தவறவிடவில்லை.

உங்கள் பிள்ளைக்கு அறிவியல் பாடங்களில் இடம் கிடைக்கவில்லை என்று பள்ளியிலிருந்து கடிதம் வரலாம். விரும்பிய பாடம் அந்தப் பள்ளியிலேயே இல்லாமல் போகலாம். அந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்தது என்று மடித்து வைத்துவிடாதீர்கள். ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வேறு வழி உண்டா என்று கேளுங்கள். ஒருவர் இல்லை என்றால் இன்னொருவரைக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அதுவரை பிள்ளை கணக்கை மட்டும் கைவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை ஒரு வாசல் அடைபட்டாலும் மறு வாசல் வழியாக உள்ளே போய்விடலாம். இரசாயனத்துக்குள் வால்டர் கோன் அப்படித்தான் நுழைந்தார்.